காளான் கடைக்கு மேல தொங்கின போர்டு

உச்சி வெயிலு மண்டையைப் பொளக்குது. அவ மொட்டை மாடியில குனிஞ்சுகிட்டு, காலையில பறிச்ச சிப்பிக் காளானை ஒவ்வொண்ணாத் தட்டுல மல்லாக்கப் போடுறா. குடை மாதிரி இருக்கிற பக்கம் கீழ, மடிப்பு மடிப்பா இருக்கிற அடிவயிறு மேல. எதிர்வீட்டு ஜன்னல்லேர்ந்து ஒருத்தி கேக்குறா, "வத்தல் போடுறியாக்கா?"

"வத்தலாப் போனா எடை போயிடும்டி. சும்மா வெயில் காட்டுறேன். அடிவயித்துல வெயில் பட்டாத்தான் இதுல வைட்டமின் டி ஊறும். வேணும்னா நீயும் வந்து பக்கத்துல படு, உனக்கும் ஊறும்."

குடை குடையாக் காளான் விக்கிறதால எல்லாரும் அவளைக் குடைக்காரின்னுதான் கூப்பிடுறாங்க. புதுசாக் குடிவந்தவன் எவனாவது அதை நம்பி ஒடஞ்ச குடையைத் தூக்கிட்டு வந்து நிப்பான். அவளும் அசராம கம்பியை நிமித்திக் குடுத்து, கையோட கால் கிலோ காளானையும் அவன் தலையில கட்டித்தான் அனுப்புவா.

வீட்டுப் பின் ரூமுதான் அவ தோட்டம். ஜன்னல் பூரா ஈரச் சாக்கு. வைக்கோலை அவிச்சு ஆறவெச்சு, நடுநடுவுல காளான் விதையைத் தூவி அமுக்கிக் கட்டின பாலித்தீன் பைங்க வரிசையாத் தொங்குது. பையில போட்ட ஓட்டை வழியா காளான் கொத்துக் கொத்தா எட்டிப் பாக்கும். ஓரம் சுருளுறதுக்குள்ள பறிச்சிடணும். கத்தி படக்கூடாது, திருகித்தான் எடுக்கணும். மூக்குல துணி கட்டாம உள்ள போனா, காளான் உதிர்க்கிற கண்ணுக்குத் தெரியாத தூளுக்கு இருமி இருமியே வெலா எலும்பு கழண்டுடும். புருஷன் போய்ச் சேந்து பதினோரு வருஷம். இந்தப் பைங்களைக் கட்டியே பொண்ணைப் படிக்க வெச்சு, கட்டியும் குடுத்துட்டா. தனக்கு மட்டும் ஒரு எழுத்துத் தெரியாது. காளான் வளக்கக் கத்துக் குடுத்த டீச்சரம்மா சொன்னதையெல்லாம் காதால வாங்கி மனசுல பூட்டி வெச்சிருக்கா.

என்ன நல்லது இதுலன்னு கேட்டா பெருசா அளக்க மாட்டா. "பத்துல ஒம்போது பங்கு தண்ணி. மிச்சத்துல கொஞ்சம் புரதம் இருக்கு, நார் இருக்கு. வயிறு ரொம்பும், மலம் சிக்காது, கொழுப்பு கெடையாது. சர்க்கரையையும் ஏத்தாது. கறியா நெனச்சுத் தின்னு. மருந்தா நெனச்சுத் தின்னாத." அவ்ளோதான் அவ வியாபாரப் பேச்சு.

ஆனா வர்றவங்க சும்மா வாங்கிட்டுப் போறாங்களா? திங்கிற பொருளையெல்லாம் மருந்துக்கடை ஆக்கி வெச்சிருக்கானுங்களே! போனைத் தொறந்தா ஒருத்தன் புத்துநோய் போகும்ங்கறான், இன்னொருத்தன் வழுக்கையில முடி மொளைக்கும்ங்கறான். இவனுங்களை எல்லாம் அந்தப் பின் ரூமுல மூக்குத் துணி இல்லாம ஒரு நாள் அடைச்சு வெக்கணும். "முடி வளருமாம்மா?"ன்னு ஒருத்தி கேட்டா, குடைக்காரி தன்னோட சுண்டைக்காய்க் கொண்டையைத் திருப்பிக் காட்டுவா. "வளந்தா மொதல்ல எனக்குல்ல வளந்திருக்கணும்?" எடை கொறையுமான்னு கேட்டவருக்குக் கெடச்ச பதிலு வேற: "கொறையும். ஆனா வெண்ணெயில நீச்சலடிக்க விட்டுத் தின்னுட்டு எங்கிட்ட வந்து அழாதீங்க."

இப்படிப்பட்டவளோட ரோட்டோரக் கடைக்கு மேலதான் அந்தப் போர்டு ஏறிச்சு. மருமகன் அச்சகத்துல வேலை பாக்குறவர். "அத்தை, ஒரு போர்டு வெச்சாக் கூட்டம் வரும்"னாரு. அவளும் சரின்னா. "சர்க்கரைக்காரங்களும் சாப்பிடலாம், சர்க்கரையை ஏத்தாதுன்னு எழுதுங்க மாப்ள." மஞ்சக் கலர்ல, தொட்டி அகலத்துக்கு ஒரு காளான் படமும் பக்கத்துல பல்லைக் காட்டுற அவ போட்டோவுமா போர்டு வந்துச்சு. ஒரு மாசமா தெனமும் கடை தொறந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, முந்தானையால அதைத் தொடச்சுத் தொடச்சுப் பளபளன்னு வெச்சிருந்தா, பாவி மக.

அன்னிக்கு மதியம் ரெண்டரை மணி. பள்ளிக்கூட வேன் ஓட்டுறவர் வந்தாரு. மூணு வருஷமா அவகிட்டயே காளான் வாங்குறவர். வேனை நிறுத்துறேன்னு முன்சக்கரத்தை நடைபாதை மேலயே ஏத்திட்டாரு. எறங்கி வந்தவர் அவ தண்ணிப் பாட்டிலை எடுத்து ஒரே மூச்சுல காலி பண்ணாரு. சட்டை ஆணியில மாட்டின மாதிரி ஒடம்புல தொங்குது.

"என்ன தம்பி, பாதி ஆளாயிட்டீங்க?"

"சர்க்கரை எறங்குதுல்லக்கா, அதான் ஒடம்பும் எறங்குது. கண்ணு மட்டும் கொஞ்சம் மங்குது."

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்கல்ல?"

"அதை விட்டு இருபது நாளாச்சே! இப்ப ரெண்டு வேளையும் உங்க காளான்தான்."

"எந்த மடையன் விடச் சொன்னான்?"

அவர் சிரிச்சுகிட்டே அவ தலைக்கு மேல கையைக் காட்டினாரு. "நீங்கதான்."

அவளுக்கு ஒண்ணும் புரியல. "அதுல என்ன இருக்கு? வாசிங்க."

கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. "சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி! மாத்திரை எதற்கு? காளான் இருக்கு!"

அச்சகத்துக்கு லீவு போட்டு வந்திருந்த மருமகன் தராசுக்குப் பின்னாடி பை கட்டிட்டு இருந்தாரு. அவ திரும்பின திருப்புல அவர் கையில இருந்த பை கீழ விழுந்துச்சு.

"மாப்ள, நான் என்ன எழுதச் சொன்னேன்?"

"ஏத்தாதுன்னு எழுதினா எவன் அத்தை நின்னு பாப்பான்? வியாபாரம்னா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லணும்."

"கூட்டிச் சொன்னீங்களா? என் மூஞ்சியை வெச்சா? எழுத்துத் தெரியாதவதானே, என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறான்னு நெனச்சீங்களா?" எவ்ளோ கோவம் வந்தாலும் மருமகனுக்கு 'நீங்க'தான். கோவம் ஏற ஏற அந்த 'நீங்க' கல்லு மாதிரி எறுகும். "ஏத்தாதுங்கறது வேற, எறக்கும்ங்கறது வேற. கறிக்குப் பதிலாத் தின்னுன்னு சொல்லலாம். மாத்திரைக்குப் பதிலாத் தின்னுன்னு சொல்ல நீங்க யாரு, நான் யாரு? இந்த மங்கின கண்ணோட இருபது புள்ளைங்களை ஏத்திட்டுப் போறாரு இந்த மனுஷன். நடுரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா, அந்தப் புள்ளைங்களைப் பெத்தவகிட்ட எதைக் காட்டுவீங்க? என் பல்லையா?"

ஸ்டூலைக்கூடத் தேடல. எம்பி ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா. போர்டு கம்பியோட பிச்சுகிட்டுக் காளான் தட்டு மேல விழுந்துச்சு. அப்புறம் வேன்காரர்கிட்ட கையை நீட்டினா. "சாவி."

"அக்கா, மூணு மணிக்கு ஸ்கூல் விட்டுடும்..."

"விடட்டும். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வேற ஆளு வர்றாருன்னு சொல்லுங்க. எங்க மாப்ள வேன் ஓட்டவே லைசென்ஸ் வெச்சிருக்காரு. ஒவ்வொரு புள்ளையையும் வழி கேட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வருவாரு. கூட்டிச் சொல்லத் தெரிஞ்சவருக்கு எண்ணி எறக்கவா தெரியாது?"

மருமகன் சாவியை வாங்கிட்டுப் போயிட்டாரு. அவ கடையை அப்படியே போட்டுட்டு, வேன்காரர் மணிக்கட்டைப் பிடிச்சு, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா.

நர்ஸு விரல்ல குத்தி மெஷின்ல பாத்தாங்க. பாத்ததும் மொகம் மாறிச்சு. நானூத்துப் பத்து. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மயங்கி விழுந்திருப்பீங்க. வண்டி ஓட்டுறவரு இப்படியா செய்வீங்க? மாத்திரையை நிறுத்துன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

வேன்காரர் தலையைத் தொங்கப் போட்டுகிட்டாரு. "யாரும் சொல்லல மேடம். நானாத்தான்... அங்க இங்க கேள்விப்பட்டு..."

"அங்க இங்கன்னா? யாரு அந்த டாக்டரு? பேரைச் சொல்லுங்க."

"பேரெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்..."னு அவர் இழுத்தாரு. சுவரோரமா இருந்த பெஞ்சியிலேர்ந்து குடைக்காரி எழுந்தா. முழங்கை வரைக்கும் வைக்கோல் துணுக்கு ஒட்டிக் கெடந்துச்சு. பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காதவ, வகுப்புல எழுந்து நிக்கிற புள்ளை மாதிரி, வலது கையை நேரா மேல தூக்கினா.