பூட்ஸுக்கு வெயில் காட்டிய ரீட்டா

பெரிய வியாழனன்று ஃபாதர் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்யும் சடங்கு அது. எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கோயிலில் அந்தத் தண்ணீரைச் சுடவைப்பது ரீட்டாவின் வேலை. யாரும் அவளிடம் ஒப்படைத்த வேலை இல்லை. இந்த மலைக் குளிரில் குழாய்த் தண்ணீரை அப்படியே காலில் ஊற்றினால் வயசாளிகள் நாற்காலியோடு துள்ளிவிடுவார்கள் என்று, கல்யாணமாகி வந்த வருடமே தானாக எடுத்துக்கொண்டாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறவள் போல முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, கோயிலின் பக்கத்துக் கதவு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் வந்து நிற்பாள்.

அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் ஆண்களாகவே இருந்தார்கள். சில வருடங்களுக்கு முன்னால், பெண்களும் உட்காரலாம் என்று ஃபாதர் அறிவித்தார். பூசை முடிந்ததும் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் கிளாரன்ஸ் நேராக ரீட்டாவிடம்தான் வந்தார்.

"எனக்கு வேணாம்ணே," என்றாள் ரீட்டா. "நான் தண்ணி கொண்டாறேன். அது போதும்."

"இத்தனை வருஷமா தண்ணி சுமந்த காலைத்தான்மா முதல்ல கழுவணும்."

"வேணாம்ணே. வேற ஆளைப் பாருங்க."

எல்லோரும் அதைத் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். "பாத்தியா, எப்பேர்ப்பட்ட மனசு," என்று பேசிக்கொண்டார்கள். அது தாழ்ச்சி இல்லை, வெட்கம்.

ரீட்டா கொழுந்து எடுப்பவள். விடிந்ததும் மலை ஏறினால் செடியெல்லாம் பனி சொட்டும். ரப்பர் பூட்ஸுக்குள் மேலிருந்து தண்ணீர் இறங்கும், உள்ளே வேர்வை ஊறும். சாயங்காலம் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தால் மறுநாள் காலையில் அதே ஈரத்துக்குள்தான் காலை விட வேண்டும். அப்படியே காலம் போனதில் இரண்டு கால் பெருவிரல் நகமும் தடித்து, மஞ்சளாகி, ஓரத்தில் மாவாக உதிர ஆரம்பித்திருந்தன. கோயிலுக்குள் நாங்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போகும்போது, அவள் ஒருத்தி மட்டும் காலுறையோடு நிற்பாள். குளிர் தாங்காதவள் என்று நினைத்திருந்தோம்.

அந்த வருடம் அவளுடைய இடத்தில் தங்கை கேத்லீன் உட்கார்ந்தாள். அடுத்த வீடுதான். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போய்க் காலை நீட்டினாள். பின்வரிசையிலிருந்து ரீட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம், ரீட்டா கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் கேத்லீன் குசினிப் பக்கமாக உள்ளே வந்துவிட்டாள். குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது நகமா, இஞ்சித் துண்டா?"

ரீட்டா அவசரமாகப் பாவாடையை இழுத்து மூடினாள். அதற்குப் பிறகுதான் கேத்லீனுக்கு விஷயம் உறைத்தது.

"இதுக்காகத்தான் வேணாம்னு சொன்னியா?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா கேத்லீன்? அந்த நாற்காலியிலே ஒரு தடவையாச்சும் உட்காரணும். ஆனா இந்தக் காலை எப்படி ஃபாதர் கையிலே குடுக்கறது? கழுவி முடிச்சு முத்தம் வேற குடுப்பாரு."

கேத்லீனிடம் ஒன்று சொன்னால் கோயில் மணியில் சொன்ன மாதிரி. இரண்டு நாளில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்து நின்றார்கள்.

முதலில் வந்தவள் எதிர் வீட்டு நீலாவதி. மருதாணியை மையாக அரைத்துக் கிண்ணத்தோடு கொண்டுவந்தாள். "எங்க பக்கம் நகச் சொத்தைக்கு இதுதான் ரீட்டாக்கா. வச்சுக் கட்டுங்க, மத்ததை மாரியாத்தா பாத்துக்குவா. உங்க மாதாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க." கட்டை அவிழ்த்தபோது நகம் செங்கல் நிறத்தில் பளபளத்தது. ரீட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாயம் மங்க மங்கப் பழைய இஞ்சி மறுபடியும் தலைகாட்டியது.

அடுத்து ரீட்டாவின் கணவர் ராய்ஸ்டன். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். யாரோ ஒரு சீன முதலாளி, தவுக்கே, சொன்னார் என்று ஒரு பெரிய போத்தல் வினிகரை வாங்கி வந்தார். சாயங்காலமானால் ரீட்டா பேசினில் வினிகரும் தண்ணீரும் கலந்து காலை வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லுவாள். ராய்ஸ்டன் எட்டிப் பார்ப்பார்.

"கொஞ்சம் உப்பும் மிளகாயும் போட்டா ஊறுகாய் ஆயிடும்லா."

"அருள் நிறைந்த மரியே சொல்லும்போது சிரிக்க வைக்காதீங்க."

நகம் கொஞ்சம் மிருதுவானது உண்மை. மஞ்சள் அப்படியே இருந்தது.

பிறகு கேத்லீனுடைய பூண்டு. பச்சையாக நசுக்கி, துணி சுற்றி, இறுக்கிக் கட்டிவிட்டாள். எரிகிறது என்று ரீட்டா சொன்னபோது, "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றாள். காலையில் அவிழ்த்தால் நகத்தைச் சுற்றித் தோல் வெந்து கொப்புளமாக நின்றது. ராய்ஸ்டன் லோரியிலேயே ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்.

அங்கே இருந்த மலாய்க்கார டாக்டரம்மா புண்ணுக்குக் கட்டுப் போட்டு, இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று பரிசோதித்தார். அது இல்லை. நகத்தைச் சுரண்டி எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு, இது பூஞ்சைதான் என்றார். மாத்திரை இருக்கிறது, பல மாதம் சாப்பிட வேண்டும், ரத்தம் பார்த்துத்தான் கொடுக்க முடியும், நகம் முழுசாக மாற ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று ரீட்டா வந்துவிட்டாள். மாத்திரைக்குப் பயப்படவில்லை. எதைச் செய்தாலும் திரும்பி வருகிறதே என்று மனசு சோர்ந்துபோயிருந்தது.

மழைக்காலம் பிறந்தது. அந்தச் சமயத்தில் தேயிலையில் கொப்புள நோய் விழும். இளம் இலையில் வட்ட வட்டமாகக் கொப்புளம் எழும்பி, அடிப்பக்கம் வெள்ளை பூத்துக் கெட்டுப்போகும். அதுவும் பூஞ்சைதான். ரீட்டா ஒரு நாள் கொழுந்து எடுத்துக்கொண்டே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கினாள். வெயில் படுகிற மேட்டில் செடி சுத்தமாக இருந்தது. மதியம் வரை பனி விலகாத பள்ளத்தில் இலைக்கு இலை கொப்புளம்.

"பள்ளத்துக்கு மருந்து அடிக்கலியா கங்காணி?" என்று கேட்டாள்.

கங்காணி கருப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பக்கமும் ஒரே நாள், ஒரே மருந்து. ஈரம் காயாத இடத்திலே என்ன அடிச்சு என்ன செய்யறது? அதுக்கு மருந்தும் வேணும், வெயிலும் வேணும்."

ரீட்டா அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தாள். அடியில் வழவழவென்று ஈரம். முகர்ந்தும் பார்த்தாள்.

"என்ன ரீட்டா, அட்டையா?" என்றார் கங்காணி.

"இல்ல கங்காணி. பள்ளம்," என்றாள் ரீட்டா.

தினமும் காலுக்கு மருந்து போட்டாள். தினமும் காலையில் அந்தக் காலைக் கொண்டுபோய்ப் பனிப் பள்ளத்துக்குள் விட்டாள். பூட்ஸுக்கு யாருமே வைத்தியம் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் புதிதாக ஒரு சோடி பூட்ஸ் வாங்கினாள். பழையதைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒரு நாள் ஒரு சோடி, மறுநாள் இன்னொரு சோடி. ஓய்வில் இருக்கும் சோடியை வெந்நீர் அடுப்புக்கு மேலே, சூடு எட்டுகிற உயரத்தில் கம்பு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டாள். வெயில் எட்டிப் பார்த்த நாளெல்லாம் அவை வேலிக் கம்புகளில் கவிழ்ந்து நின்றன. மலைக்குப் போகும்போது பையில் காய்ந்த காலுறை ஒரு சோடி. மதியச் சோற்றுக்கு உட்காருமுன் காலைத் துடைத்து அதை மாற்றிக்கொள்வாள்.

லயம் சிரித்தது. "ரீட்டா வீட்டுலே இன்னிக்கு என்ன கறி? பூட்ஸ் கறியா?" என்று போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். கேத்லீன் வேலியைப் பார்த்துவிட்டு, "யாரோ ரெண்டு பேரைத் தலைகீழா நட்டு வச்ச மாதிரி இருக்கு," என்றாள்.

ரீட்டா கிளினிக்குக்குத் திரும்பப் போய்த் தான் செய்வதைச் சொன்னாள். டாக்டரம்மா தலையாட்டினார். இதை விட்டுவிடாதே என்று சொல்லி, தடித்த நகத்தை அராவி மெலிசாக்கக் கற்றுக்கொடுத்து, மேலே பூசுகிற மருந்து ஒன்றும் கொடுத்தார். நீலாவதி மனசு நோகக்கூடாது என்று மருதாணியும் அவ்வப்போது நடந்தது. வினிகரும் நடந்தது. பூண்டு மட்டும் சட்டியோடு நின்றுகொண்டது.

அடுத்த பெரிய வியாழன் வந்தது. நகத்தின் வேரில் புது நகம் மெலிசாக ஒரு இளஞ்சிவப்புக் கோடாக மட்டும் தெரிந்தது. கிளாரன்ஸ் கேட்டார்.

"இந்த வருஷமும் தண்ணிதாண்ணே," என்றாள் ரீட்டா. ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள். கவாத்து வெட்டிய செடியில் துளிர் பார்த்தவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

துளிர் நின்று நிதானமாக வளர்ந்தது. மஞ்சள் முன்னால் தள்ளப்பட்டுப் போக, அவள் அதை வெட்டிக்கொண்டே வந்தாள். அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்குள் கடைசி மஞ்சளும் கத்தரிக்கோலோடு போய்விட்டது. தவக்காலத்து முதல் ஞாயிறு, கோயில் வாசலில் அவள் செருப்போடு காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கிளாரன்ஸ் குனிந்து பார்த்துவிட்டு அவள் பெயரை முதலில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பெரிய வியாழனன்று தண்ணீர் சுடவைத்தவர் ராய்ஸ்டன். லோரி ஓட்டுகிறவர் அடுப்படியில் புகையோடு மல்லுக்கு நின்றார். ரீட்டா பன்னிரண்டு நாற்காலியில் முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் கோயிலில் வலது காலை மட்டும் கழுவுவதுதான் வழக்கம். ஃபாதர் வந்து மண்டியிட்டார். கிளாரன்ஸ் பேசினை நகர்த்தி வைத்தார். ரீட்டா சேலையைச் சற்றுத் தூக்கி, இரண்டு காலையும் உள்ளே வைத்தாள்.

"ஒண்ணு போதும்மா," என்று கிளாரன்ஸ் காதோரம் சொன்னார்.

"ரெண்டும் சேர்ந்துதான் ஜெயிச்சுதுண்ணே," என்றாள் ரீட்டா.

ஃபாதர் சிரித்துவிட்டார். இரண்டு பாதத்திலும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, குனிந்து இரண்டுக்கும் முத்தம் கொடுத்தார். பெருவிரல் நகங்கள் ஈரத்தில் இளஞ்சிவப்பாக மினுங்கின. பின்வரிசையில் மரியாதைக்கு வந்து நின்றிருந்த நீலாவதி பக்கத்தில் இருந்தவளிடம், "என் மருதாணி," என்றாள். "வினிகரும்," என்றார் கதவோரம் காலி வாளியோடு நின்ற ராய்ஸ்டன். கேத்லீன் பூண்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ராய்ஸ்டன் கேட்டார். "தண்ணி எப்படி இருந்துச்சு?"

"சூடு கொஞ்சம் பத்தலை," என்றாள் ரீட்டா. "அடுத்த வருஷம் முழங்கையை விட்டுப் பாருங்க."

பனி இறங்கத் தொடங்கிய பாதையில் லயத்தை நோக்கி நடந்தோம். வரிசை வீடுகளின் வேலியெல்லாம் கவிழ்த்து வைத்த பூட்ஸ். ரீட்டா வீட்டு வேலியில் தொடங்கி கங்காணி கருப்பையா வீட்டு வேலி வரைக்கும் இருந்தது.