ஒன்றே முக்கால் பஸ்ஸில் ஏறியவர்கள்

படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, பஸ்ஸில் ஆட்களை எண்ணுவது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவர்களுக்கு ஒரு இலவச டிக்கெட் கொடுப்பார்கள். நெரிசலில் கண்டக்டரால் எல்லோருக்கும் அதைக் கொடுத்து முடிக்க முடிவதில்லை. டிக்கெட்டை மட்டும் வைத்துக் கூட்டத்தைச் சொல்ல முடியாது என்பதால், ஒரு தனியார் சர்வே கம்பெனி எங்களைப் போன்றவர்களை இரண்டு வாரத்துக்கு எடுத்திருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று அச்சடித்த தாளில் குறிக்க வேண்டும்.

எனக்கு வந்தது புதுக்கோட்டையிலிருந்து திருவரங்குளம் போய், அங்கிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் கடைசி ஊர் வரை செல்லும் பஸ். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று டிரிப். மதிய டிரிப் ஒன்றே முக்காலுக்கு.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒன்பது பேர்தான் ஏறினார்கள். மறுநாள் அதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியைப் பிடிப்பதா, பேனாவைப் பிடிப்பதா என்று நான் தள்ளாடியபோது, ஐம்பது வயது இருக்கும் ஓர் அக்கா தன் சீட்டில் ஒடுங்கி எனக்கு இடம்விட்டார்.

"நின்னுக்கிட்டு எப்படி எழுதுவ? இங்கிட்டு வா பாப்பா, ஒக்காரு."

அவர் ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையலறையில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னால் வந்தால் மதியம்தான் வீடு. கணவருக்குப் பக்கவாதம். "நான் போயி ஊட்டுனாத்தான் அவருக்குச் சோறு" என்றார். நான் எதற்காக எண்ணுகிறேன் என்று கேட்டார். எத்தனை பேர் போகிறார்கள் என்று மேலே தெரிவதற்காக என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நல்லா எண்ணிக்க. ஒருத்தரையும் விட்றாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, "ஏ, பின்னாடி எத்தனை பேரு நிக்கிறீங்க? சத்தமாச் சொல்லுங்க, பாப்பா எழுதுது" என்று குரல் கொடுத்தார்.

புதன்கிழமையிலிருந்து நான் மதிய பஸ்ஸில் ஏறவில்லை. காரணம் வெயில். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்னோடு படித்த ஒருத்தியின் வீடு இருந்தது. அங்கே ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு தாளை நிரப்பினேன். காலை, சாயங்கால டிரிப்புகளை ஒழுங்காகவே எண்ணினேன் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பொய்க்கணக்கு எழுதியபோது ஒன்று தெரிந்தது. பெரிய எண்ணைப் பொய்யாக எழுதுவது கஷ்டம். ஏறியவர்களும் இறங்கியவர்களும் கடைசி ஸ்டாப்பில் சரியாக வர வேண்டும். எழுபது பேரைப் பதினோரு ஸ்டாப்பில் பிரித்துப் போட்டால் எங்கேயாவது இடிக்கும். ஒன்பது பேர் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் தினமும் எட்டு, ஒன்பது, பதினொன்று என்று எழுதினேன். இன்னொரு நினைப்பும் இருந்தது. அதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது. எல்லாம் ஓசி டிக்கெட்தானே, கூடக் குறைய எழுதினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நானும் அதே ஓசி டிக்கெட்டில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். திங்கட்கிழமைகளில் மனு டைப் செய்ய வரிசையாக ஆட்கள் வருவார்கள். அப்படி ஒரு திங்கட்கிழமை நான்கு பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் அந்த அக்கா.

"ஏம் பாப்பா, நீ எண்ணுன பொண்ணுதானே? நல்லவேளை, நீயே இருக்க. ஒண்ணே முக்கா பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க. ஆளே ஏறலையாம். நீதான் எங்கள எல்லாம் பாத்தியே, அத வச்சு நல்லா எழுது."

இப்போது எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டேன். "வேற பஸ்ஸப் புடிச்சுத் திருவரங்குளத்துல எறங்கி நடக்குறோம். வீடு போய்ச் சேர மூணரைக்கு மேல ஆயிருது. அதுவரைக்கும் அவரு வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காரு" என்றார்.

மற்ற மூவரும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் சரியா எண்ணலை. மூணு நாளைக்கு அப்புறம் மதிய பஸ்ஸுல வரவே இல்லை. இஷ்டத்துக்கு எழுதிட்டேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அதையும் மனுவுல எழுது" என்றார்.

டைப் செய்தேன். ஊர், பஸ் நேரம், நடக்கும் தூரம், எல்லாம் வேகமாக வந்தது. அந்த வரி வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பெயர் கெட்டுவிட்டால் இனி யார் வேலை கொடுப்பார்கள்? 'கணக்கெடுப்பில் தவறு நேர்ந்திருக்கலாம்' என்று அடித்தேன்.

"கண்ணாடி கொண்டு வரலை. படி, கேப்போம்" என்றார்.

படித்தேன். அந்த வரி வந்தபோது, "கணக்கெடுக்க வந்த பெண்ணே தவறாக எழுதியதாக ஒப்புக்கொள்கிறார்" என்று வாயால் சொன்னேன். தாளில் அது இல்லை. அக்கா தலையாட்டினார். நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். டைப் அடித்ததற்குக் காசு வேண்டாம் என்று நான் சொன்னதையும் அவர் நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொண்டார்.

மனுவுக்குப் பலன் இருந்தது. வேறு ஆட்கள் வந்து எண்ணினார்களாம். ஒன்றரை மாதத்தில் பஸ் திரும்ப ஓடியது. கடை விடுமுறையாக இருந்த ஒரு நாள் நானும் அதில் ஏறினேன். பஸ் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

அக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடம், பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

"இந்தப் புள்ளையாலதாங்க பஸ்ஸு திரும்ப வந்துச்சு. தான் செஞ்ச தப்பத் தானே மனுவுல எழுதிக் குடுத்துச்சு. அந்தத் தைரியம் யாருக்குங்க வரும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்சீட்டில் இருந்த ஒரு பெண் தன் மகளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் சிரித்தேன்.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினோம். சொல்லிவிடலாம் என்று, "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"என்ன பாப்பா? சொல்லு. அவருக்குப் பசிச்சிருக்கும்."

"ஒண்ணுமில்லைக்கா. போங்க."

"அப்ப வாரேன். இன்னொரு நாளைக்கு வீட்டுக்கு வா, சாப்பிடலாம்" என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார். நான் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். அவர் வீட்டுக்கு இதுவரை போகவில்லை.