படியில் கேட்ட சத்தம்

காலையில் எழுந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. முப்பத்தொன்றுதான் ஆகிறது. ஆனாலும் உட்காருகிறேன். இந்திய அணிக்காக ஒன்பது வருஷம் ஹாக்கி ஆடியிருக்கிறேன். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், பந்தை அடிக்கப்போகிறவளை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறவள் நான். பந்து என் மட்டையில் பட்டால் நல்லது, இல்லையென்றால் உடம்பில் படும்.

ஊரில் பாதிப் பேருக்கு நான் இன்னும் கிரிக்கெட் ஆடுகிறவள். திட்டக்குடி பஸ்ஸில் ஒரு கண்டக்டர் என் மட்டைப் பையைப் பார்த்து, "வீணையாம்மா? பாத்து வைங்க" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

அம்மாவுக்கு இங்கே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வருகிற ஒவ்வொரு கோப்பையையும் விரல் மடக்கி ஒரு தட்டு தட்டிக் காதருகே பிடிப்பாள். கணீரென்றால் பெட்டிக்குப் போகும். சத்தம் அமுங்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று அர்த்தம், ஓரமாக வைத்துவிடுவாள். ஒருமுறை முதலாளியே, "வெளிய ஒண்ணும் தெரியலியே, போவட்டும்" என்றாராம். "டீ ஊத்துனா தெரியும்ங்க" என்று சொல்லி அதையும் ஓரமாக வைத்துவிட்டாளாம்.

போன மாதம் எனக்கு இந்திய அணியின் பயிற்சி முகாமிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய போட்டிக்கான கடைசித் தேர்வு. என் முழங்காலின் நிலைமை எனக்கும் வெளியூர் டாக்டர் ஒருவருக்கும் மட்டுமே தெரியும். இன்னொரு அடி பட்டால் நடப்பதே சிரமம் என்று அவர் சொல்லியிருந்தார். மாத்திரையைப் போட்டு, இறுக்கமாகப் பட்டை கட்டி, இரண்டு வருஷமாக எல்லோரையும் ஏமாற்றி வந்தேன். இந்த ஒருமுறையும் ஏமாற்றிவிடலாமா என்று பையை அடுக்குவதும் பிரிப்பதுமாக மூன்று நாள் போனது. உண்மையைச் சொன்னால் எனக்குப் போக ஆசையே இல்லை. போகாமல் இருக்கவும் தைரியமில்லை.

கிளம்ப வேண்டிய நாள் காலை, பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். கீழே அருவாமணையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வலது காலுதான?"

"என்னாம்மா?"

"எறங்குறப்ப சத்தம் ஒரே மாதிரி இல்லியே. ஒரு காலு கெட்டியா வுழுது, ஒரு காலு அமுங்குது."

பையைக் கீழே வைத்துவிட்டு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

அவள் கை நின்றது. "முந்துன வருசம் பொங்கலுக்கு வூட்டுக்கு வந்தியே, அப்பவே."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"ஒன்ன டிவியில பாக்கணும்னு ஆசையா இருந்துச்சி. அதான் வுட்டுட்டேன்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு கோப்பையைக்கூட அப்படி விட்டதில்லை அவள். என்னை விட்டிருக்கிறாள். கத்த வேண்டும்போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். இனி வரமாட்டேன் என்று நான் சொல்லி முடிக்கும்வரை அம்மா அடுத்த வெங்காயத்தை எடுக்கவில்லை.