அருணகிரி ஏட்டின் கைவிலங்கு

எங்கள் அருணகிரி ஏட்டின் கைவிலங்கு ஒரு திருடனைக்கூடப் பார்த்ததில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவருக்கும் கோபம் வராது, எனக்கும் சொல்லி அலுக்காது.

சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் நான் டெலிபோன் பூத்தும் ஜெராக்ஸ் மெஷினும் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலம் அது. தொண்ணூறுகளின் கடைசி. ஏட்டுக்கு மதியத்தில் கடைத்தெரு டூட்டி. டூட்டி என்றால் என் கடை ஃபேனுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்வது. யாராவது போன் பேச வந்தால் முழுப் பேச்சையும் கேட்டுவிட்டு, அவர்கள் போன பிறகு எனக்கு விளக்கமும் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் சீருடை போட்ட ஆளை ஸ்டூலை விட்டு எழுந்திரு என்று சொல்ல முடியுமா?

அந்த விலங்கு எப்போதும் அவர் இடுப்பில் தொங்கும். சாவி மட்டும் ஸ்டேஷன் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். ஸ்டேஷன் கடைத்தெருவிலிருந்து ஒன்றரை மைல். சாவி இல்லாமல் விலங்கு எதற்கு என்றால், அது வலிப்புக்கு.

எங்கள் பக்கத்தில் வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். கொடுத்தால் நின்றுவிடுமாம். சாவிக்கொத்து, கதவுத் தாழ்ப்பாள், சுத்தியல் என்று கைக்குக் கிடைத்ததைத் திணிப்பார்கள். ஏட்டிடமோ அரசாங்க இரும்பே இருந்தது. பஸ் நிறுத்தத்தில், சந்தையில், ஒருமுறை கல்யாணப் பந்தியில் என்று எங்கே யார் விழுந்தாலும் "ஏட்டைக் கூப்பிடு" என்பார்கள். அவர் ஓடிப்போய் விலங்கைக் கையில் வைத்து விரல்களை மூடுவார். ஆளும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். அப்படிப் பிழைத்தவர்களின் பெயரையெல்லாம் சட்டைப்பையில் இருந்த குட்டி நோட்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் பதினேழு பேர். கருங்குழிக்குப் பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் விழுந்த ஒருவர் பெயர் தெரியாமல் 'பச்சை லுங்கி' என்று இருந்தது. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் அவர் மனசாரப் பெருமைப்பட்டது அந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

இரண்டாயிரமாம் வருஷம் செங்கல்பட்டில் போலீஸ்காரர்களுக்கு மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். ஏட்டைக் கட்டாயமாக அனுப்பினார்கள். முதல் நாள் கட்டுப்போடும் பாடம். இவர் போட்ட கட்டால் பக்கத்து ஸ்டேஷன்காரர் ஒருவருக்குக் கண், காது இரண்டும் மூடிப்போய், டீ கொடுக்க வந்த ஆள்தான் பிரித்துவிட்டாராம். இரண்டாவது நாள்தான் வினை.

வகுப்பெடுத்தவர் டாக்டர் சாவித்ரி. எங்கள் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பாடம் சொல்ல வந்தவர். வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நாற்பது பேரும் ஒரே குரலில் "இரும்பு" என்றார்கள். நம் ஆள் சும்மா இருப்பாரா? எழுந்து நின்று விலங்கையே எடுத்துக் காட்டிவிட்டார். பதினேழு பேர் கணக்கையும் சொன்னார்.

"எவ்வளவு நேரத்துல எழுந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு, மூணு நிமிஷம் மேடம்."

"இரும்பு கொடுக்கலன்னாலும் அதே ரெண்டு மூணு நிமிஷம்தாங்க. முக்கால்வாசி வலிப்பு தானா நின்னுடும். உங்க விலங்கு அதுல ஒண்ணும் பண்ணல."

பிறகு சொன்னதையும் ஏட்டு நோட்டில் எழுதிக்கொண்டுதான் வந்தார். அழுத்திப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது. தலைக்கு மெத்தென்று ஏதாவது வைத்து, ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முதல் காரியமாகக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரி.

திரும்பி வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "இன்னா சுப்பு, அந்தம்மா நாப்பது பேரு எதிர்க்க மானத்த வாங்கிட்ச்சி" என்று என்னிடம் புலம்பினார். "பதினேழு பேருப்பா! எல்லாம் தானா எழுந்துகினாங்களாம்!"

நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அப்ப விலங்க ஸ்டேஷன்லயே மாட்டிடு ஏட்டு, இடுப்பு வலியாவது கொறையும்" என்றேன். அவர் இரண்டு நாள் என் கடைப் பக்கமே வரவில்லை. ஸ்டூல் காலியாகக் கிடந்தது. எனக்கு அது பிடிக்கவுமில்லை.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு அடுத்த கடை பஷீருதீன் பாயின் செருப்புக்கடை. ஜும்மா முடிந்து வந்து கடை திறந்திருந்தார். அவர் மகள் ஆயத் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். பத்து வயசுப் பெண், வாய் ஓயாது. அன்று பேசிக்கொண்டே நின்றவள் பாதிப் பேச்சில் அப்படியே சரிந்தாள். கைகால்கள் வெட்டி இழுக்க ஆரம்பித்தன. அவளுக்கு முன்னே பின்னே இப்படி வந்ததே இல்லை.

கடைத்தெரு முழுக்கக் கூடிவிட்டது. "ஏட்டு! ஏட்டு!" என்று கூச்சல். ஏட்டு என் ஸ்டூலிலிருந்து பாய்ந்து போனார். போனவர் விலங்கைத் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். செருப்புப் பெட்டிகளை இழுத்துத் தள்ளினார். பாய் தோளில் கிடந்த துண்டை உருவி மடித்து அவள் தலைக்கு வைத்தார்.

"இன்னாய்யா டைம் பாத்துகினு கீற? விலங்க குடுய்யா!" என்று யாரோ கத்தினார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். இரும்பு பிரயோஜனமில்லை என்று கேட்டுக் கிண்டலும் செய்தவன், குழந்தை துடிப்பதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய்க் கத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பாய் வேறு பதறிப்போய், கூடையிலிருந்த கரண்டியை மகளின் பல் நடுவே நுழைக்கப் பார்த்தார். ஏட்டு கரண்டியைப் பிடுங்கி எறிந்தார். பாய் விரலையே விடப் போனார். தள்ளிவிட்டால் மறுபடி வந்தார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. பெற்றவர் ஆயிற்றே.

அப்போதுதான் ஏட்டு விலங்கைக் கழற்றினார். கூட்டம் அப்பாடா என்றது. அவர் அதைப் பெண்ணின் கையில் வைக்கவில்லை. பாயின் கையில் வைத்தார்.

"பாய், இத்த ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடி. பாப்பாக்கு நிக்கிற வரிக்கும் உடக் கூடாது. உட்டியோ, அவ்ளோதான்!"

பாய் தரையில் உட்கார்ந்து அதைப் பிடித்த பிடியில் ஒரு வளையம் அவர் மணிக்கட்டிலேயே விழுந்து 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார். கூட்டமும் வாயை மூடியது. ஏட்டு ஆயத்தை ஒருபக்கமாகத் திருப்பினார். வாயிலிருந்த நுரையும் எச்சிலும் வெளியே வழிந்தன. அவர் கடிகாரம் எப்போதும் பத்து நிமிஷம் பின்னால் ஓடும், அதற்காகவும் நான் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் நிமிஷத்தைச் சரியாகத்தான் எண்ணியது.

"அஞ்சு ஆய்ட்ச்சி, இன்னும் நிக்கல" என்றார். ஆட்டோ ஸ்டாண்ட் பக்கம் திரும்பிக் கத்தினார். "சீனு, ஆட்டோவ எடு! சுப்பு, நீ ஸ்டேஷனுக்குப் போய் சாவி எட்த்துகினு ஆஸ்பத்திரிக்கு வா!"

நான் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு முறை கழன்றது. சாவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, வராந்தா பெஞ்சில் பாய் ஒரு கையில் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீருடையில் ஏட்டு. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் மறு கோடிக்கு நகர்ந்திருந்தார்கள். ஓர் அம்மாள் "பாவம், நல்ல மனுசனாட்டம் கீறாரே, எங்க திருட்னாராம்?" என்று என்னிடமே விசாரித்தார்.

டாக்டர் சாவித்ரி வெளியே வந்தார். "ஊசி போட்டதும் நின்னுடுச்சு. இப்ப தூங்குறா. கொஞ்சம் லேட் ஆகியிருந்தா ரொம்பக் கஷ்டமாகியிருக்கும்" என்றார். பிறகு அவர் கண் விலங்கில் விழுந்தது. "என்னங்க ஏட்டு, இன்னும் இரும்பா?"

"பாப்பாக்கு இல்ல மேடம்" என்றார் ஏட்டு, தலையைச் சொறிந்துகொண்டு. "அப்பனுக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்பது பேர் எதிரில் சொன்னதற்கு மன்னிப்பு மாதிரி அவர் தோளில் மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சாவியை நீட்டினேன். பாய் கையை இழுத்துக்கொண்டார். "இருக்கட்டும். புள்ள கண்ணு முழிக்கட்டும்."

ஏட்டுக்கு மனசு கேட்கவில்லை. "பாய், அது சும்மா சொன்னதுதான். உன் கைய சும்மா வெக்கத்தான் குட்த்தேன்."

"ஆட்டோல வர்றப்பவே தெரிஞ்சிபோச்சி ஏட்டய்யா" என்றார் பாய். "இருந்தாலும் எனக்குப் புடிச்சிக்க ஒண்ணு வோணுமே."

சாயங்காலம் ஆயத் கண்ணைத் திறந்தாள். முதலில் அத்தாவைப் பார்த்தாள், அப்புறம் அவர் கையைப் பார்த்தாள், அப்புறம் ஏட்டைப் பார்த்தாள். "அத்தா, நீ இன்னா பண்ண?" என்றாள். பாய் அழுதுகொண்டே சிரித்தார். ஏட்டு என்னிடமிருந்து சாவியை வாங்கினார். அவசரத்தில் தலைகீழாகச் செருகியதில் துளையில் நுழையவில்லை. கடைசியில் நான்தான் திறந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் ஸ்டூல் நிறைந்தது. இடுப்பில் விலங்கு, கூடவே ஒரு கயிற்றில் சாவியும். குட்டி நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பதினெட்டாவதாக ஆயத் பெயரைச் சேர்க்கிறார் போல, இந்த மனுஷன் திருந்த மாட்டார் என்று எட்டிப் பார்த்தேன். பதினேழு பெயரையும் அடித்திருந்தார், பச்சை லுங்கி உட்பட. கீழே 'பஷீருதீன்' என்று ஒரே ஒரு பெயர்.

"அதுங்கள்லாம் தானா எழுந்ததுங்க சுப்பு" என்றார். "இரும்பால பொழச்சது இவரு ஒருத்தருதான்."