ஏழாம் இருக்கையின் மஞ்சள் எழுத்து

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அக்கா இதைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சொல்லி முடிக்கும்வரை அசையவில்லை. கட்டுக்கதை சொல்பவளுக்குக் கை அப்படி நிற்காது.

பேய் என்றால் இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில், ஏ.சி. ஓடும் அறையில் நடந்தது.

அக்கா சேர்ந்தது பாலங்களுக்குக் கணக்குப் போடும் அலுவலகம். வெள்ளம் இன்ன வேகத்தில் வந்தால் தூண் நிற்குமா, சாயுமா என்று கணித்துச் சொல்ல வேண்டும். மேசைக் கணினி அந்தக் கணக்கைத் தாங்காது. கீழ்த்தளத்தில் நூறு கணினிகளை ஒன்றாகப் பிணைத்து வைத்திருந்தார்கள். அது எல்லோருக்கும் பொது. அவரவர் இருக்கையில் இருந்தபடி கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால் கீழே கணக்கு ஓடும். அக்காவுக்கு அது சோதனைக்காலம். இரண்டு கணக்குகள் அவள் கையில் ஏற்கெனவே பாழாகியிருந்தன. மூன்றாவதும் பாழானால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீடு ஓடுவதே அவள் சம்பளத்தில்தான்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர்கள் தங்கள் திரையைத் தாங்களே அமைத்துக்கொள்வதில்லை. எழுத்து என்ன நிறம், எந்த விசைக்கு என்ன வேலை, கோப்புகளை எழுதும் எடிட்டர் எப்படித் திறக்க வேண்டும்... எல்லாம் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் இருக்கும். பக்கத்தில் இருப்பவருடையதை அப்படியே நகல் எடுத்துக்கொள்வார்கள். அவர் தனக்கு முன்னால் வந்தவரிடம் எடுத்திருப்பார். யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

"படிச்சா தலை சுத்தும்மா. ஓடுதுல்ல, விடு," என்றார் பக்கத்து மேசைக்காரர். தடித்த கண்ணாடி போட்டவர். அக்காவுக்கு அவர் கண்ணாடி அண்ணன்.

அக்காவும் படிக்கவில்லை. நகல் எடுத்து, மேலே தன் ஆசைக்குச் சிலது சேர்த்தாள். மஞ்சள் எழுத்தை வெளிர் நீலமாக்கினாள். கட்டையாக இருந்த கர்சரை மெல்லிய கோடாக்கினாள். டெர்மினலை, அதாவது அந்தக் கறுப்புத் திரையை, திறந்தால் 'வாங்க மகாராணி' என்று வரவேற்கும்படி ஒரு வரி எழுதினாள்.

கண்ணாடி அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வீட்ல ஒருத்தரும் கூப்பிடலைன்னு இங்க கூப்பிட வெச்சிட்டியா?"

"கூப்பிட்டா உங்களுக்கு என்ன அண்ணா நஷ்டம்?"

மறுநாள் காலை எழுத்து மறுபடி மஞ்சளாக இருந்தது. கர்சர் கட்டையாக இருந்தது.

சேமிக்க மறந்திருப்போம் என்று நினைத்தாள். மாற்றினாள். மறுநாளும் மஞ்சள்.

அக்காவுக்குச் சந்தேகம் கண்ணாடி அண்ணன் மேல்தான். அவர் தன் மச்சான் மகனை அதே வேலைக்குச் சிபாரிசு செய்திருந்தார். அக்கா போனால் அந்தப் பையனுக்கு இடம். அந்த இரண்டு கணக்குகள்கூடத் தானாகப் பாழாயினவா?

பாஸ்வேர்டை மாற்றினாள். அடிக்கும்போது கையால் மறைத்துக்கொண்டாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் திரையைப் பூட்டினாள்.

அடுத்த நாள் டெர்மினலைத் திறந்தாள். 'வாங்க மகாராணி' இல்லை. மஞ்சள் எழுத்தில் ஒரே சொல்.

'வந்துட்டியா'

"அண்ணா, என் அக்கவுண்ட்ல கை வெச்சீங்களா?"

"எனக்கு என் அக்கவுண்ட்ட மேய்க்கவே நேரமில்ல."

"அப்ப இது யாரு?"

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவின் சந்தேகம் இன்னும் இறுகியது.

அன்று பிற்பகல் நான்கு மணி. வெளியே மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மேலாளர் அறையில் கூட்டத்தில் இருந்தார்கள். கண்ணாடி அண்ணனும் அங்கேதான். கண்ணாடிச் சுவர் வழியே அவர் முதுகு தெரிந்தது. அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது கணக்கை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் வெள்ளத்தில் பாதி விழுந்த ஒரு பாலம். நிற்கிற தூண்கள் மேலேயே மீதியைக் கட்டலாமா என்பதுதான் கேள்வி. தூண் மண்ணுக்குள் பதினான்கு மீட்டர் இறங்கியிருக்கிறது என்று மேலாளர் எண் கொடுத்திருந்தார். அன்று காலைதான் அக்கா புதிதாக ஒரு கோப்பு தொடங்கி அதை அடித்திருந்தாள்.

கோப்பைத் திறந்தாள். கர்சர் நான்காவது வரியில் நின்றது. தூண் ஆழம் 14.

மேலே கொண்டுபோனாள். அது தானாக மெல்ல இறங்கி... அதே வரியில் நின்றது.

இப்போது யார்? பொதுக் கணினிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளையை அடித்தாள். அவள் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்று, அவள் உட்கார்ந்திருந்த இடம். இன்னொன்று, இருக்கை ஏழு.

ஏழு மூலையில் இருந்தது. அங்கே கணினி கிடையாது. மேசை மேல் தூசி. சுவரில் இருந்து ஒரு கேபிள் தொங்கியது. அதன் மறுமுனை எதிலும் செருகப்படவில்லை.

கேபிள் வந்த சுவர்ப் பலகையில், கணினி செருகியிருந்தால் மட்டும் எரியும் சின்னப் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவசரத்தில் ஏதோ விசை பட்டுவிட்டது. கடைசியாகச் செய்ததை நீக்கும் அன்டூ விசையை அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். அவள் காலையில் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கோப்பு வெறுமையானது. அதற்கு முன்னால் அந்தக் கோப்பே இல்லை. அன்டூ செய்ய இனி ஒன்றுமில்லை.

விரல் பழக்கத்தில் இன்னொரு முறை அழுத்தியது.

ஒரு வரி வந்தது. தூண் ஆழம் 9.

அவள் எழுதாத வரி.

மறுபடி அழுத்தினாள். 14.

9.

14.

விரலை எடுத்துவிட்டாள்.

9... 14... 9...

நிற்கவில்லை.

மூலையில் இருந்து சத்தம். டக். டக். டக்.

விசைப்பலகைச் சத்தம். அங்கே விசைப்பலகை இல்லை.

9.

நின்றது.

சத்தமும் நின்றது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

"அனுப்பியாச்சா?" மேலாளர் பின்னால் நின்றார். கூட்டம் கலைந்திருந்தது.

"இல்ல சார். பதினாலு சரிதானான்னு..."

"குடுத்ததப் போடு."

"ஆத்துல இறங்கி ஒருக்கா அளந்துடலாம் சார்."

"இது உனக்கு மூணாவது. தெரியும்ல?"

அக்கா எங்கள் வீட்டை நினைத்தாள். என்னையும்தான் நினைத்தாளாம். விரல் விசை மேல் இருந்தது. எடுத்துவிட்டாள்.

"தெரியும் சார். நான் அனுப்பல."

நாளைக்கு வர வேண்டாம் என்றார் மேலாளர். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்றாம் நாள் கண்ணாடி அண்ணன் போன் செய்தார். அக்கா வெளியேறிய அன்று மாலையே அவர் ஆற்றை அளக்கும் முக்குளிப்பவர்களைப் பிடித்து இறக்கியிருக்கிறார். தூணைச் சுற்றி மண் அரித்துப் போயிருந்தது. மிச்சம் ஒன்பது மீட்டர்.

"சார் உன்ன வரச் சொன்னாரு. வந்துடும்மா."

"நீங்க எதுக்கு அண்ணா அளக்கச் சொன்னீங்க?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மஞ்சள் எழுத்து ஆந்தையோடது. ஏழுல உக்காந்திருந்தா. நம்ம எல்லார் செட்டிங்ஸும் அவ எழுதினதுதான். எந்நேரமும் முழிச்சு முழிச்சுப் பாப்பா, அதனால அந்தப் பேரு. வெள்ளத்துக்கு முன்னாடி இதே பாலத்துக்கு அவதான் கணக்குப் போட்டா. ஒம்பதுன்னு போட்டா. பதினாலாக்கச் சொன்னாங்க. திருப்பி ஒம்பதாக்கினா. திருப்பி மாத்தச் சொன்னாங்க. கடைசியில பதினாலு போட்டு அனுப்பிட்டா. பாலம் விழுந்தப்போ மேல ஒரு பஸ் போச்சு. அதுல வீட்டுக்குப் போயிட்டிருந்தா."

இதோடு போயிருந்தால் அக்கா தேறியிருப்பாள். ஆனால் எடிட்டர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி வைத்திருக்கும். அவள் திரும்பிப் போனதும் இருவருமாகப் பார்த்தார்கள். அக்கா கண்ட அந்த 9, 14 மாற்றங்கள் எல்லாம் வெள்ளத்துக்கு முந்திய தேதிகள். கடைசி ஒன்று மட்டும் வேறு. பதினான்கை ஒன்பதாக்கியது. இருக்கை ஏழில் இருந்து.

வெள்ளம் வந்து பதினொரு நாள் கழித்து.

"அவ அக்கவுண்ட்ட அதுக்கு முன்னாடியே மூடிட்டோம்," என்றார் கண்ணாடி அண்ணன். "பாடி அப்ப இன்னும் கிடைக்கல."

அக்கா அந்த செட்டிங்ஸ் முழுவதையும் அழித்தாள். தானே ஒவ்வொரு வரியாகப் படித்துப் புதிதாக எழுதிக்கொண்டாள். வெளிர் நீலம். மெல்லிய கர்சர். வரவேற்பு வரி வைக்கவில்லை.

போன வாரம் வேறொரு பாலத்தின் கணக்கு வந்தது. கோப்பைத் திறந்தாள். எழுத்து மஞ்சளாக இருந்தது. கர்சர் நான்காவது வரியில் நின்றது.

அளக்க ஆள் கேட்டிருக்கிறாள். கணக்கை இன்னும் அனுப்பவில்லை.

அது எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் இருக்கும் பாலம். அக்கா இப்போதெல்லாம் சுற்று வழியில் வருகிறாள்.