மூடி திறந்த குவளை

ஜெர்மனியில் பாம்பெர்க் பக்கத்தில், தாங்களே புகை வாசப் பீர் காய்ச்சி விற்கும் கடையொன்றில் முப்பது வருடமாகப் பரிமாறுகிறவள் ஓட்டிலி. குவளையின் மூடி திறந்து கிடந்தால் கேட்காமலே நிரப்ப வேண்டும்; சாத்தியிருந்தால் போதும் என்று அர்த்தம். திறந்ததை நிரப்பாவிட்டால் அந்த ஊரில் சண்டைதான்.

புதுப் பீர் இறங்கும் நாளெல்லாம் தச்சர் வைட், மனைவி மார்கிட்டோடு ருசி பார்க்க வருவார். மூன்றாவது குவளை முடிந்ததும் மார்கிட்தான் கை நீட்டி அவர் மூடியைச் சாத்துவாள். அவள் இறந்த பிறகு இன்றுதான் தனியாக வந்திருந்தார்.

“எப்படிண்ணே இருக்கு?”

“புகை வாசம் கொஞ்சம் தூக்கல். அவளுக்குப் பிடிச்சிருக்கும்.”

மூன்றாவது காலியாகியும் மூடி திறந்தே கிடந்தது. நிரப்ப வந்த ஓட்டிலி, மெல்ல அதைச் சாத்தினாள்.

“உன்னை யாரு மூடச் சொன்னா?” வைட் சீறினார்.

“அக்காதான். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே சொன்னாங்க.”

“செத்தும் குடிக்க விடமாட்டேங்கிறா பாரு,” என்று சிரித்தவர், மூடிமேல் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.