அக்காவின் கண்ணுக்கு ஏற்ற லென்ஸ்

"யாரும் காலை எடுக்காதீங்க!"

அக்கா போட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்லூரிக்குப் புறப்பட்டு ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்த நான் அப்படியே நின்றேன். அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குச் சாய்த்த பானையை நிமிர்த்தக்கூடத் தோன்றவில்லை. சட்டி நிறைந்து கஞ்சி தரையில் வழிந்தது. அக்கா நடுவீட்டில் மண்டியிட்டு, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, சிவப்புச் சிமெண்டுத் தரையை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். கண்ணில் வைக்கப்போன லென்ஸ் விரல் நுனியிலிருந்து தெறித்து விழுந்துவிட்டது. சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத, நிறமில்லாத ஒரு சில்லு. அதைத் தேட வேண்டியவளுக்கோ அது இல்லாமல் தரையே சரியாகத் தெரியாது. நானும் அம்மாவும் தவழ்ந்து தேடினோம். கடைசியில் அவள் சேலை மடிப்பிலேயே அது ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதை வாங்கிக் குவித்த கைக்குள் வைத்துக்கொண்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஏளா, இது மிதிபட்டிருந்தா நான் இன்னைக்கே குருடிதான்" என்றாள். 

அப்பா இறந்தபின் சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்தின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்த வேலைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு காண்டிராக்ட் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் அக்காவுக்கு டிரேசர் வேலை கிடைத்தது. எஞ்சினியர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் மெழுகுத் துணி மாதிரி ஒரு துணியை விரித்து, கறுப்பு மையால் கோடு பிசகாமல் ஏற்ற வேண்டும். அந்த ஆபீசில் அவள் ஒருத்திதான் பெண். கடலுக்குள் நீண்ட அலைத்தடுப்புச் சுவரின் படங்களில் பல அவள் கையில் உருவானவை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து திரும்பும்போது கடற்கரையில் நின்று, "அந்தா கல்லு கொட்டுதாம்பாரு, அது நான் போட்ட கோடு" என்று எனக்குக் காட்டுவாள்.

ஒருநாள் அவளால் அந்தச் சுவரையே சரியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. முதலில் ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. பிறகு மூன்றாக. கலங்கரை விளக்கின் வெளிச்சம் தென்னந்துடைப்பத்தை விரித்த மாதிரி இருக்கிறது என்றாள். காலை ஜெபத்தில் வேத வசனம் வாசிக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுவாள். கண்ணாடி மாற்றினோம். அதையும் மாற்றினோம். கண்ணாடிக்கடை அண்ணாச்சி தட்டில் வைத்திருந்த வில்லைகளையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, "தாயி, இதுக்கு மேல எங்கிட்ட கண்ணாடி இல்ல. மதுரைக்குப் போங்க" என்றார்.

மதுரை டாக்டர்தான் நோயைச் சொன்னார். கருவிழி மெலிந்து, முன்பக்கம் கூம்பாகப் புடைத்துக்கொண்டு வருகிறதாம். கண்ணாடி எதுவும் உதவாது. கண்ணுக்குள் வைக்கும் காண்டாக்ட் லென்ஸ் ஒன்றுதான் வழி. அதுவும் முடியாமல் போனால் செத்தவர் கண்ணிலிருந்து கருவிழி எடுத்துத் தைக்க வேண்டும். தைத்தது நிலைக்குமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. அம்மா அதற்குமுன் காண்டாக்ட் லென்ஸ் என்ற பேரையே கேட்டதில்லை. கேட்டிருந்தவர்கள் அதைச் சினிமாக்காரிகள் அழகுக்குப் போடுவது என்று நினைத்தார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி, "கண்ணாடி போட்ட பொண்ணு விலைபோகாதுன்னு கண்ணுக்குள்ளயே வைக்கப் போறாவளாம்" என்று பேசியது அம்மா காதுக்கும் வந்தது. அம்மா தன் வளையலைக் கழற்றி விற்று, அக்காவைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள்.

சென்னையில் கொடுத்தது ஹார்டு லென்ஸ். கெட்டியான பிளாஸ்டிக். அது கண்ணில் உட்கார்ந்ததும் அக்கா எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளின் கடைசி வரிவரைக்கும் படித்தாளாம். ஊர் வந்து இறங்கியதும் என் முகத்தைக் கையில் ஏந்தி, "உனக்கு மூக்குல இவ்வளவு பெரிய மச்சம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். உப்பளத்துப் பொடியும் துறைமுகத்து நிலக்கரித் தூளும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போனால் கண்ணுக்குள் ஊசியை விட்டுத் திருகுவது போல இருக்கும் என்பாள் அக்கா. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆண்களும் பெண்களும் பார்க்க அவள் முகத்தை முந்தானையால் முழுவதுமாக மூடிக்கொள்வாள். தூசி இல்லாத நாளிலும் மதியத்துக்குமேல் கண் லென்ஸைத் தாங்காது. வலது கண்ணுக்குக் கொஞ்ச நேரம், அதைக் கழற்றிவிட்டு இடது கண்ணுக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றிப் போட்டு வேலையை முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் கழற்றி, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "என் கண்ண எடுத்துக்கிட்டு அவளுக்குக் குடும் ஆண்டவரே" என்று முணுமுணுப்பாள். "அம்மா, உங்க கண்ணும் வேண்டாம், உங்க ஜெபமும் வேண்டாம், கொஞ்சம் பேசாம இருங்க" என்று ஒருநாள் அக்கா வெடித்தாள். ஜெபத்தை எதிர்த்து அந்த வீட்டில் ஒரு சொல் விழுந்தது அன்றுதான்.

பிறகு சாஃப்ட் லென்ஸ் வந்தது. அயல்நாட்டிலிருந்து புதிதாக வரவழைத்ததாகச் சென்னை டாக்டர் சொல்லி அனுப்பினார். நுங்குத் தோலைப் போல நனைந்து தொய்ந்து இருக்கும். தினமும் உப்புநீரில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். போட்டிருப்பதே தெரியவில்லை என்றாள் அக்கா. கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை. அம்மா அன்று பாயசம் வைத்தாள். பாயசத்தைக் கையில் வாங்கிய அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு மெதுவாக, "அம்மா, கம்பிக்குக் கம்பி ரெண்டு ரெண்டாத்தான் தெரியுது" என்றாள். மிருதுவான லென்ஸ் அந்தக் கூம்பின்மேல் ஈரத்துணி போலப் படிந்து, தானும் கூம்பாகிவிடுகிறது. கெட்டியானது தன் உருண்டையை விட்டுக்கொடுக்காது. அதனால்தான் பார்வை வருகிறது, அதனால்தான் வலியும். டாக்டர் இதை விளக்கிவிட்டு, "ஒண்ணுல கண்ணு தாங்கும், பார்வை வராது. இன்னொண்ணுல பார்வை வரும், கண்ணு தாங்காது. எது வேணும்னு நீங்கதாம்மா சொல்லணும்" என்றாராம்.

அந்தச் சமயம் பார்த்து நாசரேத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். பெண் பார்க்க வரும் நாளில் சாஃப்ட் லென்ஸைப் போடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "ஒரு மணி நேரந்தானட்டி. கண்ணு தெளிவா இருக்கும்."

"கண்ணு தெளிவா இருக்கும். மாப்பிள்ளை தெளிவா இருக்கமாட்டாரு. காலம் முழுக்க கூட இருக்கப்போற ஆளு மூஞ்சிய நான் பாக்கண்டாமா?"

அவள் ஹார்டு லென்ஸைத்தான் போட்டுக்கொண்டாள். காற்று அடித்த நாள். காப்பித் தட்டோடு அவள் வரும்போதே இரண்டு கண்களும் செக்கச்செவேலென்று நீர் கோத்திருந்தன. மாப்பிள்ளையின் அத்தை அம்மாவைத் தனியே அழைத்து, "பிள்ளைக்கு இஷ்டமில்லாம கட்டாயப்படுத்துதியளோ? இல்ல கண்ணுல ஏதும் சீக்கா?" என்று கேட்டாள். அம்மாவால் பொய் சொல்ல முடியவில்லை. அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். "நல்ல முகந்தான்" என்றாள் அக்கா, தட்டுகளை எடுத்துக்கொண்டே. அதற்குமேல் அவரைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அதன்பிறகு அவளுக்கு வேலை ஒன்றே பிடிப்பாக இருந்தது. வேலையை நிரந்தரமாக்கும் முன் கண் பரிசோதனை உண்டு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். கண் குறையை மறைக்க அவள் சாயங்காலம்வரை லென்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்து வரைந்தாள். தூசி விழுந்தால் கழற்றி, நாக்கில் நனைத்து, மறுபடி வைத்துக்கொண்டாள். செய்யக்கூடாது என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன காரியம் அது. ஒரு காலையில் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. கருவிழியில் அரிசிமணி போல வெள்ளையாக ஒரு புண். மதுரை பஸ்ஸில் அவள் தலையைத் துண்டால் சுற்றி, என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் துண்டைத் துளைத்துக்கொண்டு குத்துகிறது என்று பல்லைக் கடித்தாள். எட்டயபுரம் தாண்டும்போது, "ஏளா, இந்தக் கண்ணத் தோண்டி வெளிய போட்டுருவியா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் அவள் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டேன். விட்டால் அவளே செய்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

புண் ஆறியது. ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்து, இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது.

பரிசோதனை செய்ய வந்த டாக்டர் லென்ஸைக் கழற்றிவிட்டுப் படிக்கச் சொன்னார். லென்ஸோடு படிக்கிறேன் என்று அக்கா மன்றாடியதற்கு விதியில் இடமில்லை; வேலை போயிற்று. படம் வரைபவர்களுக்கு மேலாளராக இருந்த ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "உன் கோட்டுல குறை இல்லம்மா" என்றாராம். அவள் அன்று பஸ் ஏறாமல் துறைமுகத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தாள்.

எஞ்சியிருந்த ஒரு கண்ணுக்கு எந்த லென்ஸ் என்ற கேள்வியோடு மறுபடி சென்னைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அக்கா மேசைமேல் இரண்டு டப்பாக்களையும் வைத்தாள். "டாக்டர், இதக் கீழ போட்டு, அதுக்கு மேல இத வச்சா என்ன?" என்று கேட்டாள். எல்லாக் கதவும் அடைபட்டபின் கேட்ட கேள்வி. டாக்டர் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் சிலர் அப்படி முயன்றிருப்பதாகப் படித்ததுண்டு, பொறுப்பேற்க முடியாது, பார்க்கலாம் என்றார். மிருதுவானதை மெத்தையாக வைத்து அதன்மேல் கெட்டியானதை உட்கார வைத்தார். அக்கா அசையாமல் இருந்தாள். பிறகு, "உறுத்தல" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்க சட்டையில ஒரு பொத்தான் இல்ல டாக்டர்" என்றாள்.

அதுவும் முழு விடுதலை இல்லை. இரண்டு லென்ஸுக்குக் கீழே கண் மூச்சுத் திணறும். சில மணி நேரத்துக்குமேல் வைத்தால் பனி மூடும். பொழுது விடிந்து காற்று எழும்புவதற்குள் ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஊரில் வீடு கட்டுபவர்களுக்கு அக்கா பிளான் வரைந்து கொடுத்தாள். மீதிப் பொழுதெல்லாம் மங்கலில்தான். இன்றைக்கு என் மகள் காலையில் புது லென்ஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் குப்பையில் போட்டுவிடுகிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் அதைக் கசக்கி எறியும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அக்கா அப்படி இரண்டு லென்ஸ் போட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், மூத்தவள் இருக்க எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பிடிவாதமாக நடத்தி வைத்தவள் அக்காதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுவதும் அவள் பிளான் எதுவும் வாங்கவில்லை. லென்ஸ் டப்பாவைத் தொடவே இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள், ஒருதரம் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். கேட்டால், "கண்ணுக்கு லீவு விட்டிருக்கேன்" என்றாள். கோவிலில் முதல் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதிரி ஐயர் ஆசீர்வாதம் சொன்னபோது அம்மா விம்மினாள். என்னை அனுப்பி வைக்கும்போது தெருப் பெண்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள். அக்கா கண்ணில் ஒரு சொட்டு இல்லை. மூத்தவள் மனசு கல்லு, பொறாமை இல்லாமலா என்று என் புகுந்த வீட்டுப் பக்கம் ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. மறுவீட்டுக்கு வந்தபோது அதை அக்காவிடம் சொல்லி அழுதேன். அவள் ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "அழுதா மேல உள்ள லென்ஸ் நழுவிரும்ட்டி. பிறகு உன்ன யாரு பாப்பா?"